நெட்வொர்க் டிரைவ் திறக்கவில்லையா? கீழிருந்து மேலே தேடுங்கள்

வேறொரு கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டரை இசட் டிரைவ் என்று இணைத்து வைத்திருக்கிறீர்கள். நேற்று மாலை வரை ஒழுங்காகத் திறந்த அதன் மேல் இன்று சிவப்பு எக்ஸ் குறி. இந்த நிலையில் பலரும் அவசரத்தில் செய்பவை நான்கு: ஃபயர்வாலை அணைப்பது, ஃபோல்டருக்கு 'எவ்ரிஒன்' என்று முழு அனுமதி கொடுப்பது, பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்துவது, ஃபைல் பகிர்வுக்கான பழைய நெறிமுறையான எஸ்எம்பி 1-ஐத் திரும்ப இயக்குவது. நான்கையும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஏதாவது ஒன்றில் டிரைவ் திறந்துவிடக்கூடும். ஆனால் கோளாறு என்னவென்று தெரிந்திருக்காது; திறந்துவிட்ட கதவை மூட யாருக்கும் நினைவும் இருக்காது.

சரியான வழி, அடியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வருவது. முதலில் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறதா, பிறகு கேபிள், ஐபி முகவரி, பெயர், போர்ட், லாகின், கடைசியாக ஃபோல்டர் அனுமதி. கீழ்ப்படி சரியென்று உறுதியாகாமல் மேல்படியில் கை வைக்க வேண்டாம். இங்கே 'சர்வர்' என்று சொல்வது ஃபோல்டரை ஷேர் செய்திருக்கும் கம்ப்யூட்டரை. அது சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 கம்ப்யூட்டராகவே இருக்கலாம்.

எல்லாருக்குமா, ஒருவருக்கா?

எதையும் தொடுவதற்கு முன் இன்னொரு கம்ப்யூட்டரில் அதே ஷேரைத் திறந்து பாருங்கள். யாருக்குமே திறக்கவில்லை என்றால் கோளாறு சர்வரிலோ ஸ்விட்சிலோ இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய கம்ப்யூட்டரையோ யூசர் கணக்கையோ பாருங்கள். ஒரு ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை என்றால் நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம், நேரே அனுமதிப் பகுதிக்குப் போய்விடலாம்.

அடுத்து, எர்ரர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ப்ளோரர் காட்டும் செய்தி பல நேரம் மழுப்பலாக இருக்கும். கமாண்ட் ப்ராம்ப்டில் 'நெட் யூஸ்' கட்டளையோடு ஷேரின் முழுப் பாதையைக் கொடுத்தால் எண் தெளிவாக வரும். 53 என்றால் அந்தக் கம்ப்யூட்டரையே எட்ட முடியவில்லை. 67 என்றால் பெரும்பாலும் ஷேரின் பெயர் தப்பு. 1326 என்றால் யூசர் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. 5 என்றால் ஆளை அடையாளம் தெரிந்துகொண்டது, உள்ளே விட அனுமதி இல்லை. 85 என்றால் அந்த டிரைவ் எழுத்தை வேறொன்று பிடித்துவைத்திருக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் 80070035 என்று முடியும் நீண்ட எண் வந்தால் பயப்பட வேண்டாம். கடைசியில் உள்ள 35 பதினாறடிமான எண்; மூன்று பதினாறு நாற்பத்தெட்டு, கூட்டல் ஐந்து, மொத்தம் 53. அதே பழைய 53 தான்.

53 வந்தால்

சர்வர் தூங்கிப்போயிருப்பதுதான் இதற்கு மிகச் சாதாரணமான காரணம். பவர் அமைப்பில் ஸ்லீப்பை 'நெவர்' என்று வையுங்கள். திரை மட்டும் அணையட்டும். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் தாவலைத் திறந்து, மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

பிறகு இரண்டு கம்ப்யூட்டரிலும் 'ஐபிகான்ஃபிக்' கொடுத்து முகவரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 192.168.1.20, மற்றொன்று 192.168.1.35 என்றிருந்தால் சரி. ஒன்று 192.168.0 என்றும் மற்றொன்று 192.168.1 என்றும் தொடங்கினால் இடையில் இரண்டாவது ரூட்டர் ஒன்று தனி நெட்வொர்க் நடத்திக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். வைஃபை எட்டாத மூலைக்காக வாங்கி மாட்டிய ரூட்டர்தான் பெரும்பாலும் இதைச் செய்யும். அதை ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு, அதாவது தனி நெட்வொர்க் நடத்தாமல் வைஃபை மட்டும் கொடுக்கும் நிலைக்கு, மாற்றுங்கள். முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. கேபிளையும் ஸ்விட்ச் விளக்கையும் பாருங்கள். எல்லாம் சரியாகத் தெரிந்தும் வைஃபையில் இருப்பவருக்கு மட்டும் வரவில்லையா? அவர் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறாரா என்று கேளுங்கள். கெஸ்ட் வைஃபை இன்டர்நெட்டைக் கொடுக்கும், மற்ற கம்ப்யூட்டர்களைக் காட்டாது.

இப்போது பெயரா முகவரியா என்று பிரிக்க வேண்டும். எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு சர்வரின் ஐபியை மட்டும் கொடுங்கள்: \\192.168.1.20. ஐபியில் திறந்து, பெயரில் திறக்கவில்லை என்றால் ஷேரில் பழுதில்லை, பெயரை முகவரியாக மாற்றுவதில்தான் பழுது. அவசரத்துக்கு ஐபியிலேயே டிரைவை மேப் செய்துவிடலாம் (டிரைவ் எழுத்தோடு இணைத்துவிடலாம்). ஆனால் அந்த ஐபி மாறாமல் இருக்க வேண்டும். அதற்கு ரூட்டரின் டிஎச்சிபி (முகவரி வழங்கும்) பக்கத்தில் சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் தனி எண்) அந்த ஐபியை ரிசர்வ் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் கையால் ஐபி போடுவதைவிட இது நல்லது, ஏனென்றால் அதே எண்ணை ரூட்டர் இன்னொருவருக்குக் கொடுத்துவிடாது.

நெட்வொர்க் பட்டியலில் சர்வரின் பெயர் தெரியவில்லை என்பதும் ஷேர் திறக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. பட்டியல் வெறும் கண்காட்சி. பாதையைத் தட்டச்சு செய்தால் திறக்கும் என்றால் வேலைக்கு அது போதும். பட்டியலிலும் வர வேண்டும் என்றால் சர்வரின் சர்வீசஸ் பகுதியில் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்கித் தொடங்குங்கள்.

ஐபியிலும் திறக்கவில்லையா? 'பிங்' (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) அடித்துப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்துவிட்டு ஷேரை அனுமதிக்கலாம், தலைகீழாகவும் நடக்கலாம். ஷேர் பேசுவது டிசிபி 445 போர்ட்டில் (கம்ப்யூட்டருக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்). அதையே தட்டிப் பாருங்கள். பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் 192.168.1.20 -போர்ட் 445' கொடுத்தால், கடைசி வரியில் 'ட்ரூ' வர வேண்டும். 'ஃபால்ஸ்' வந்தால் சர்வரில் நெட்வொர்க் ப்ரொஃபைல் 'பப்ளிக்' ஆகிக் கிடக்கிறதா பாருங்கள். ரூட்டரை மாற்றினாலோ நெட்வொர்க் கார்டை மாற்றினாலோ விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு பப்ளிக்கில் போட்டுவிடும். அதோடு ஷேரிங் அடைபட்டுவிடும். செட்டிங்ஸில் அந்த இணைப்பை 'ப்ரைவேட்' ஆக்கி, 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' ஆன் செய்தால் போதும். ஃபயர்வாலை அணைக்கவே தேவையில்லை. தனி ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கும், அதிலும் நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்க வேண்டும். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு நிமிடம் துண்டித்துப் பாருங்கள்.

பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் 1326

தினமும் நான்கு இலக்கப் பின் அடித்து உள்ளே போகும் கம்ப்யூட்டர் என்றால், அந்தப் பின் நெட்வொர்க்கில் செல்லாது. அது அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும். ஷேருக்குக் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கும் உதவாது. வெற்றுப் பாஸ்வேர்டுக் கணக்கை நேரே உட்கார்ந்து திறக்கத்தான் விண்டோஸ் விடும், நெட்வொர்க் வழியாக விடாது. இந்தச் சிக்கல்களுக்கெல்லாம் ஒரே மருந்து, சர்வரில் ஷேருக்கென்றே பாஸ்வேர்டோடு ஒரு லோக்கல் யூசரை உருவாக்குவது. லாகின் பெட்டியில் யூசர் பெயருக்கு முன்னால் சர்வரின் பெயரையும் ஒரு பின்சாய்கோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அதைத் தன் சொந்தக் கம்ப்யூட்டரின் யூசராக எண்ணிக்கொள்ளக்கூடும்.

பாஸ்வேர்டை மாற்றிய மறுநாள் டிரைவ் நின்றுவிட்டால், கிரெடென்ஷியல் மேனேஜரில் விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் பழையது உட்கார்ந்திருக்கும். சர்வர் பெயரில் ஒன்று, ஐபியில் ஒன்று என்று இரண்டு பதிவுகள் இருக்கலாம். இரண்டையும் நீக்குங்கள்.

1219 வந்தால், அதே சர்வரில் ஏற்கெனவே வேறொரு யூசர் பெயரில் நுழைந்திருக்கிறீர்கள். ஒரு சர்வருக்கு ஒரே நேரத்தில் ஒரு யூசர் பெயர்தான். திறந்திருக்கும் ஃபைல்களைச் சேமித்துவிட்டு 'நெட் யூஸ் * /டெலிட்' கொடுங்கள், எல்லா இணைப்பும் விடுபடும். அப்போதும் பிடிவாதம் பிடித்தால் சைன் அவுட் செய்து உள்ளே வாருங்கள்.

நெட்வொர்க்கில் மாட்டிய பழைய சேமிப்புப் பெட்டி ஒன்று விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று நின்றுபோவது தனிக் கதை. 2017-இல் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதல் புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில் எஸ்எம்பி 1 தானாக இருப்பதில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 ப்ரோ பதிப்பு இன்னும் இரண்டு கட்டுப்பாடு கொண்டுவந்தது: பாஸ்வேர்டில்லாத கெஸ்ட் நுழைவு தடுக்கப்பட்டது, எஸ்எம்பி சைனிங் (பரிமாற்றத்தில் டிஜிட்டல் கையொப்பம்) கட்டாயமானது. கெஸ்ட் தடையில் மாட்டினால் 1272 என்ற எண் வரும். பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் எஸ்எம்பி 2 அல்லது 3-ஐ இயக்குங்கள், பாஸ்வேர்டோடு யூசரை உருவாக்குங்கள், ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். இது எதுவும் முடியாத பெட்டி என்றால் தரவை நகலெடுத்துக்கொண்டு அதை மாற்றுங்கள். அந்த ஒரு பெட்டிக்காக எல்லாக் கம்ப்யூட்டரிலும் எஸ்எம்பி 1-ஐத் திறப்பது சரியான பேரமே அல்ல.

திறக்கிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை

இங்கே இரண்டு பூட்டு இருக்கிறது. ஷேரிங் தாவலில் ஷேர் அனுமதி, செக்யூரிட்டி தாவலில் என்டிஎஃப்எஸ் அனுமதி (டிஸ்கில் உள்ள ஃபோல்டரின் சொந்த அனுமதி). இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். செக்யூரிட்டியில் முழு அனுமதி கொடுத்துவிட்டு ஷேரில், தானாக வரும் 'எவ்ரிஒன் – ரீட்' என்பதை மாற்றாமல் விட்டால் படிக்கத்தான் முடியும். ஷேரில் அந்த யூசர் குழுவுக்கு 'சேஞ்ச்' கொடுத்துவிட்டு, நுணுக்கமான கட்டுப்பாட்டை செக்யூரிட்டி தாவலில் வைத்துக்கொள்வது பராமரிக்க எளிது. ஒருவரைக் குழுவில் புதிதாகச் சேர்த்தால் அவர் இணைப்பைத் துண்டித்து மறுபடி நுழைந்த பிறகே அது செல்லும்.

ஒரே ஃபோல்டரில் ஐம்பது ஃபைல் திறக்கிறது, ஒன்று மட்டும் மறுக்கிறது என்றால் அந்த ஃபைல் எப்படி அங்கே வந்தது என்று விசாரியுங்கள். காப்பி செய்த ஃபைல், போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். சர்வரில் உட்கார்ந்து அதே டிரைவுக்குள் கட் செய்து ஒட்டிய ஃபைலோ பழைய இடத்து அனுமதியைத் தன்னோடு சுமந்து வரும். ஒருவருடைய டெஸ்க்டாப்பிலிருந்து நகர்த்தினால், அவருக்கு மட்டும் திறக்கும். பெற்றோர் ஃபோல்டரின் செக்யூரிட்டியில் அட்வான்ஸ்டு போய், கீழே உள்ள எல்லாவற்றின் அனுமதியையும் மாற்றும் டிக்கைப் போட்டு அப்ளை செய்யுங்கள். அதற்குமுன், உள்ளே வேண்டுமென்றே தனியாகப் பூட்டிய ஃபோல்டர் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்தப் பூட்டும் சேர்ந்து போய்விடும்.

'வேறொருவர் திறந்திருக்கிறார்' என்று எக்செல் சொல்லி, யாரும் திறக்கவில்லை என்றால் சர்வரின் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ் பட்டியலைப் பாருங்கள். யார் பெயரில் திறந்திருக்கிறது என்று அங்கே தெரியும். அவரிடம் கேட்டுவிட்டு மூடுங்கள். கேட்காமல் மூடினால் அவர் சேமிக்காத வேலை போய்விடும்.

சிவப்பு எக்ஸ், ஆனால் கிளிக் செய்தால் திறக்கிறது

இது பெரும்பாலும் கோளாறல்ல. பதினைந்து நிமிடம் யாரும் தொடாத இணைப்பை சர்வர் விட்டுவிடும். தொட்டவுடன் மறுபடி பிடித்துக்கொள்ளும். சில பழைய மென்பொருள்கள் இந்த இடைவெளியைத் தாங்காமல் நின்றுவிடும். அவற்றுக்காக, சர்வரில் அட்மின் ப்ராம்ப்டில் 'நெட் கான்ஃபிக் சர்வர் /ஆட்டோடிஸ்கனெக்ட்:-1' கொடுத்து இதை நிறுத்தலாம். காலையில் மட்டும் எக்ஸ் வருகிறது என்றால் வைஃபை இணைவதற்குள் விண்டோஸ் டிரைவைத் தேடி முடித்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரைக் கேபிளில் மாட்டினால் பெரும்பாலும் தீரும்.

அட்மினாக இயக்கிய மென்பொருளுக்கு மட்டும் இசட் டிரைவ் தெரியவில்லை என்றால், விண்டோஸ் அதைத் தனி லாகினாக நடத்துகிறது. அட்மின் ப்ராம்ப்டிலும் ஒருமுறை அதே டிரைவை மேப் செய்யுங்கள்.

மெதுவாக இருந்தால்

ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்து, ஓடும் வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு 11 அல்லது 12 எம்பியில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றால், அந்த இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது. ஜிகாபிட் என்றால் 110 எம்பி பக்கம் வர வேண்டும், டிஸ்க் ஈடுகொடுத்தால். ஜிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு இரண்டே போதும். 100-க்குத் தேவைப்படாத கம்பிகளில் ஒன்று அறுந்தால் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றிப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் ஸ்விட்சில் வேறு போர்ட்டில் குத்துங்கள். ஒரு பெரிய ஃபைல் வேகமாகப் போய், ஆயிரம் சின்ன ஃபைல்கள் மட்டும் ஊர்ந்தால் கேபிளில் பழுதில்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் திறப்பது, எழுதுவது, மூடுவது என்று சர்வரோடு தனித்தனிப் பேச்சு நடக்கிறது. ஜிப் செய்து ஒரே ஃபைலாக அனுப்புங்கள்.