பார்த்ததை முதலில் எழுதுங்கள், பெயர் பிறகு

கதை எழுதுபவர், பறவை பார்ப்பவர், மருத்துவம் படிப்பவர் மூவரும் தவறுவது ஒரே இடத்தில்தான்: கண்ணில் பட்டதை விட்டுவிட்டு, அதிலிருந்து ஊகித்ததைக் குறித்துக்கொள்வது. நோட்டுப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்டது, கேட்டது மட்டும். வலப்பக்கம் ஊகம். இடப்பக்கத்தில் ஐந்து வரியாவது சேராமல் வலப்பக்கம் போகாதீர்கள்.

மூச்சை எண்ணுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தாலே மூச்சின் வேகம் மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே, மார்பின் ஏற்ற இறக்கத்தை முழுதாக 1 நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலும் கணக்கில் நான்கு பிசகும். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 'மூச்சு வாங்குகிறது' என்பதைவிட, 'நிமிடத்துக்கு 28 மூச்சு. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுக்கிறது' என்பது அடுத்து வருபவருக்கு உதவும்.

பறவைக்கும் இதுதான். கையேட்டை உடனே திறந்தால் படத்தில் இருப்பதெல்லாம் பறவையிலும் தெரியத் தொடங்கிவிடும்! சிட்டுக்குருவியைவிடப் பெரிதா, அலகு எப்படி, வாலை ஆட்டுகிறதா என்று எழுதிய பிறகே புரட்டுங்கள்.

கதையில் 'பதற்றமாக இருந்தான்' என்பது வலப்பக்கச் சரக்கு. பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்த்தான் என்பது இடப்பக்கம். கதையும் மருத்துவமும் இப்படிச் சேர்வது புதிதல்ல: கதைத் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் உருவாக முன்மாதிரியாக இருந்தவர் எடின்பரோ மருத்துவ ஆசிரியர் ஜோசப் பெல். ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில் அவருடைய மாணவர்.