ஏர் ரைஃபிள் பயிற்சிக்கு எதை முதலில் வாங்குவது? ஜாக்கெட்டிலிருந்து டயாப்டர் வரை

கிளப்பில் சேர்ந்த இரண்டாவது வாரமே புதியவர்கள் கேட்கும் கேள்வி, "எந்த ரைஃபிள் வாங்கலாம்?" என்பதுதான். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் என்று பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ரைஃபிள் கடைசியில். முதலில் உங்கள் உடம்பில் ஏறுவதை வாங்குங்கள்.

காரணம் இருக்கிறது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் நடுவில் இருக்கும் பத்தாம் வளையம் வெறும் 0.5 மி.மீ புள்ளி. நாலைந்து கிலோ ரைஃபிளை நின்றுகொண்டே பிடித்து, மின்னணு இலக்கில் 75 நிமிடங்களுக்குள் 60 முறை அந்தப் புள்ளியை நோக்கிச் சுட வேண்டும். அதற்கு உடம்பு நிலையாக நிற்க வேண்டும். நிலை சரியில்லாதவர் கையில் விலை உயர்ந்த ரைஃபிளும் ஆடும்.

படி 1: முதல் இரண்டு மாதம் எதுவும் வாங்காதீர்கள்

கிளப் ரைஃபிளிலேயே சுடுங்கள். ரேஞ்சில் இருக்கும் ஜாக்கெட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். எங்கே இறுக்குகிறது, எங்கே தொளதொளக்கிறது என்று குறித்து வையுங்கள். பின்னால் அளவு கொடுக்கும்போது இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

படி 2: ஷூ, கிளவுஸ்

ஓடுவதற்கான ஷூவைப் போட்டுக்கொண்டு சுட வேண்டாம். அதன் மெத்தையான அடிப்பாகத்தில் உடம்பு மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் தட்டையான அடியுள்ள சாதாரண கேன்வாஸ் ஷூ போதும். அப்புறம் ஷூட்டிங் ஷூ வாங்கினால், அடித்தகடு 10 மி.மீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது, முன்பாதம் வளைய வேண்டும் என்பது சர்வதேச விதி. அதைப் போட்டுக்கொண்டு கேன்டீனுக்கும் பார்க்கிங்குக்கும் நடக்காதீர்கள், அடி சீக்கிரம் தேய்ந்து சமநிலை போய்விடும்.

கிளவுஸ் ரைஃபிளைத் தாங்கும் கைக்கு மட்டும். உள்ளங்கையில் ரைஃபிள் வழுக்காமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். மொத்தத் தடிமன் 12 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது.

படி 3: ஜாக்கெட், டிரவுசர்

இங்கேதான் நிதானம் வேண்டும். நின்று சுடும்போது இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றி, முதுகு சற்றே பின்னால் சாய்ந்திருக்கும் (வலக்கைக்காரர்களுக்குச் சொல்கிறேன்). அந்தச் சுமை முழுக்கக் கீழ்முதுகில் இறங்கும். விறைப்பான கேன்வாஸ் ஜாக்கெட் அந்த இடத்தைத் தாங்குகிறது. வளரும் பிள்ளைகள் ஜாக்கெட் இல்லாமல் மாதக்கணக்கில் கனமான ரைஃபிளைத் தூக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், முதுகு வலியில் போய் முடியும்.

என் முதல் ஜாக்கெட்டை நான் சட்டை அளவைச் சொல்லி வாங்கினேன். இறுக்கமாக இருந்தது, இறுக்கம் நல்லது என்று நினைத்துக்கொண்டேன். முதல் போட்டியில் உபகரணச் சோதனை மேசையிலேயே நிறுத்திவிட்டார்கள். பொத்தான் போடும் இடத்தைத் தாண்டி இன்னும் 70 மி.மீ இழுத்து மூட வர வேண்டும் என்பது விதி, என்னுடையது வரவில்லை. அன்று கடன் வாங்கிய ஜாக்கெட்டில் சுட்டேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அளவு கொடுக்கும்போது, உள்ளே எதை அணிந்து சுடுவீர்களோ அதையே அணிந்திருங்கள். மெல்லிய முழுக்கை பனியன் என்றால் அதுதான். நேராக நிற்கும்போது ஒரு முறையும், ரைஃபிள் பிடிக்கும் நிலையில் ஒரு முறையும் அளக்கச் சொல்லுங்கள். துணியின் தடிமன் ஒற்றை அடுக்கில் 2.5 மி.மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பெயர்ப்பட்டை, கொடி என்று எதையாவது தைத்தால் அந்த இடம் தடித்துவிடும், கவனம். பிள்ளைகளுக்கு என்றால் ஓரங்களைப் பிரித்துத் தைக்க இடம் விட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

டிரவுசரும் அதே தடிமன் விதிக்கு உட்பட்டது. பணம் குறைவென்றால் முதலில் ஜாக்கெட், ஆறு மாதம் கழித்து டிரவுசர்.

சென்னை மாதிரி ஊரில் வியர்வைதான் ஜாக்கெட்டுக்கு எதிரி. ஈரம் ஊறினால் கேன்வாஸ் துவண்டுவிடும். சுட்டு முடித்ததும் பையில் திணிக்காமல் அகலமான ஹேங்கரில் நிழலில் காயவிடுங்கள். இடைவேளையில் உட்காரும்போது பொத்தான்களைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் உட்கார்ந்த மடிப்பு முதுகில் நிலைத்துவிடும்.

படி 4: ரைஃபிளை உடம்புக்குப் பொருத்துங்கள்

சொந்த ரைஃபிளோ கிளப் ரைஃபிளோ, இரண்டுக்கும் இது பொருந்தும். முதலில் பட் பிளேட், அதாவது தோளில் பதியும் பின்தகடு. தலையைக் குனியாமல் ரைஃபிள் கண்ணுக்கு வர வேண்டும். கழுத்து வளைகிறது என்றால் பட் பிளேட்டைக் கீழே இறக்குங்கள், ரைஃபிள் மேலே ஏறும். அடுத்து சீக் பீஸ், கன்னம் சாயும் பகுதி. கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்துவிட்டுக் கண்ணைத் திறவுங்கள். டயாப்டரின் (கண்ணுக்கு அருகே இருக்கும் பின் பார்வைக் கருவி) துளை வழியே முன் வளையம் நடுவில் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் முகத்தை நகர்த்தாதீர்கள், சீக் பீஸை நகர்த்துங்கள்.

ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டும். பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, எத்தனை மி.மீ நகர்த்தினீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள்.

படி 5: பார்வைக் கருவிகள்

டெலஸ்கோப், லென்ஸ் எதுவும் இந்தப் பிரிவில் ரைஃபிளில் பொருத்த அனுமதியில்லை. பின்னால் டயாப்டர், முன்னால் குழலுக்குள் ஒரு வளையம், அவ்வளவே. புதியவர்கள் சின்ன வளையம் போட்டால் துல்லியம் கூடும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. இலக்கின் கருப்புப் பகுதி 30.5 மி.மீ; அதைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரிந்தால்தான் நடுவில் இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியும். 4 மி.மீ அளவிலான வளையத்தில் தொடங்குங்கள்.

மறு கண்ணை இறுக்கி மூடாதீர்கள், முகத் தசை முழுக்க விறைக்கும். டயாப்டரில் மாட்டி மறு கண்ணை மறைக்கும் தட்டையான பிளைண்டர் சில நூறு ரூபாய்தான். வெள்ளை நிறத்தில் வாங்குங்கள், ஒளி ஒரே மாதிரி விழும்.

கடைக்காரர் ஸ்லிங் (ரைஃபிளைக் கையோடு பிணைக்கும் பட்டை) காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நின்று சுடும் ஏர் ரைஃபிளில் அதைப் பயன்படுத்த முடியாது. 50 மீட்டருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

படி 6: பைக்குள் இருக்க வேண்டியவை

பளிச்சென்ற நிறத்தில், பேரல் முழு நீளத்துக்கும் வரும் சேஃப்டி ஃபிளாக் முதலில்; உள்ளே பெல்லட் இல்லை என்று காட்டும் நாடா அது. சுடாத நேரமெல்லாம் அது ரைஃபிளுக்குள்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் உங்களை நம்பி நிற்பதே அதைப் பார்த்துத்தான். காற்று சிலிண்டரில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். பத்து வருடம் கடந்திருந்தால், செகண்ட் ஹேண்டில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 4.5 மி.மீ பெல்லட்டுகள் ஈயம், ஆகையால் சுட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிஸ்கட்டைத் தொடாதீர்கள்.

ரைஃபிள் ஸ்டாண்டும் ஒரு ஆலன் கீ செட்டும் கட்டாயம். 2016 ரியோ ஒலிம்பிக்கில், போட்டிக்குச் சற்று முன் அபினவ் பிந்த்ராவின் ரைஃபிள் கீழே விழுந்து அதன் சைட் (பார்வைக் கருவி) உடைந்தது. மாற்று சைட்டோடு சுட்டு நான்காம் இடம் பிடித்தார். பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியவருக்கே அப்படி நடந்தது. ரைஃபிளை நாற்காலியில் சாய்த்து வைக்காதீர்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் டயாப்டர் திருகுகளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டே முதல் பெல்லட்டைப் போடுங்கள்.