பசியாறிட்டியான்னு கேட்டா மொதல்ல அதுக்கு பதில் சொல்லுங்க

நான் பண்ண தப்புலருந்தே ஆரம்பிக்கிறேன். கல்யாணமாகி பிறையிலருந்து கடல் தாண்டி பினாங்கு தீவுல பாயான் லெப்பாஸ் பக்கம் குடி வந்த புதுசு, வீட்டு டெபாசிட் விஷயமா அப்பாவுக்கும் எனக்கும் போன்ல சண்ட, அவரு கொஞ்சம் ஓவராவே பேசிட்டாரு. மூணு நாள் கழிச்சி ஞாயித்துக்கிழம காலையில வாசல்ல மோட்டர் சத்தம். எட்டிப் பாத்தா அப்பா. ஹேண்டில்ல ரெண்டு பை தொங்குது, ஒண்ணுல ரொட்டி சானாய், அதான் நம்ம பரோட்டா மாதிரி, இன்னொண்ணுல தனியா கட்டுன கறி. ஹெல்மெட்ட கூட கழட்டல, "பசியாறிட்டியாம்மா?"ன்னாரு. நான் அப்போ யூடியூப்ல ரிலேஷன்ஷிப் வீடியோவா பாத்துத் தள்ளிகிட்டு இருந்த நேரம் வேற, "அது இருக்கட்டும்ப்பா, அன்னிக்கி பேசுனதுக்கு என்ன சொல்றீங்க, மனசு விட்டு பேசுங்க"ன்னு வாசல்லயே நிக்க வச்சி கேட்டேன். அவரு பைய கேட்ல மாட்டிட்டு வண்டிய திருப்பிட்டாரு. மறுபடி அந்த 13.5 கிலோமீட்டர் பினாங்கு பாலம், அந்த வெயில்ல.

அந்த ரொட்டி சானாய்தான் மன்னிப்புன்னு எனக்கு புரியறதுக்கு ரொம்ப நாளாச்சி.

வாயத் தொறந்து சொன்னாத்தான் அன்பு, இல்லன்னா இல்லன்னு நெனக்கிறது மொத தப்பு. இத பத்தி 2007ல ஷெல்லி டெய்லர், ஹீஜங் கிம்ங்கற மனசு பத்தி ஆராயறவங்கல்லாம் சேந்து அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. ஆளுங்கள கூட்டிட்டு வந்து மனக்கணக்கு போட வச்சி, மேட பேச்சு பேச வச்சி டென்ஷன் ஏத்தி, எச்சில்ல கார்ட்டிசால், அதான் டென்ஷன்ல ஏறுற ஹார்மோன், எவ்ளோ இருக்குன்னு அளந்தாங்க. ஆசியக்காரங்களுக்கு, பிரச்சனைய வெளிப்படையா சொல்லி ஒதவி கேட்டு எழுதுறத விட, சும்மா நமக்கு வேண்டியவங்கள நெனச்சிகிட்டு எழுதுனப்போதான் டென்ஷன் கொறஞ்சிருக்கு, வெள்ளக்காரங்களுக்கு அப்டியே தலகீழ். அதுல நம்ம பினாங்கு தமிழர் யாரும் இல்லதான், அதனால இத அப்டியே நம்ம தலையில ஒட்ட வச்சிக்க வேணாம். ஆனா படிச்சப்போ எனக்கு அப்பாவோட மோட்டர் சத்தம்தான் காதுல கேட்டுச்சி.

அப்போ பேசவே கூடாதான்னா, பேசலாம், நேரமும் எடமும் பாத்து. எங்கப்பா மாதிரி ஆளுங்கள எதுத்தாப்ல ஒக்கார வச்சி விசாரண பண்ணா வாய் பூட்டிக்கும். இப்பல்லாம் நான் "இன்னும் இல்லப்பா, வாங்க"ன்னு தட்டு எடுத்து வச்சிருவேன், கறி பாதி முடிஞ்சப்புறம் பக்கத்துல ஒக்காந்து மூஞ்சிய பாக்காம கேட்டா, ரெண்டு வார்த்தையாவது வரும். ரெண்டு போதும்லா.

இதுக்கு நேர் எதுரா ஒரு தப்பு இருக்கு, இத நம்ம வீடுங்கள்ல குடும்ப வழக்கம்னே நெனச்சிட்டோம். கோவம்னா நாள்கணக்கா பேசாம இருக்கறது. "அம்மு, அப்பாகிட்ட சோறு போட்டாச்சின்னு சொல்லு"ன்னு மககிட்ட நான் சொல்லுவேன், என் வீட்டுக்காரரு ரெண்டு மொழம் தள்ளிதான் சோபால ஒக்காந்திருப்பாரு, அவரும் "அம்மாகிட்ட எனக்கு பசிக்கலன்னு சொல்லு"ம்பாரு. ஆறு வயசு புள்ள ரெண்டு பேரு மூஞ்சியையும் மாத்தி மாத்தி பாத்துகிட்டு நடுவுல தபால்காரி வேல பாக்கும். ஒரு நாள் அது "நானும் கா"ன்னுட்டு போயி ரூம்ல கதவ சாத்திகிச்சி. அன்னிக்கிதான் எங்களுக்கு ஒறச்சிது.

எங்கப்பாவோட மௌனத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, கைய பாருங்க. வாய் பேசலன்னாலும் சோறு வருதா, சாவி வருதா, "மழ வருது, துணிய எடு"ன்னு ஒரு கொரலாவது வருதா? அப்ப அது ஊடல், தானா கரையும். அந்த கையும் நின்னுபோச்சின்னா அது தண்டன. ஜான் காட்மேன்னு தம்பதிங்கள வருஷக்கணக்கா ஒக்கார வச்சி கவனிச்ச ஆளு, சண்டையில நாடி நூறுக்கு மேல ஏறிட்டா சொல்றது எதுவும் உள்ள போகாது, கொறஞ்சது இருவது நிமிஷம் விலகி இருங்கன்னு சொல்றாரு. எங்க வீட்டுல அது கடைக்கு போயி ஒரு தே தாரிக் (பால் டீ) குடிச்சிட்டு வர்ற நேரம். ஆனா "கொஞ்ச நேரத்துல வர்றேன்"னு சொல்லிட்டு போகணும், சொல்லாம மோட்டர எடுத்துட்டு போனா அதுவே அடுத்த சண்ட.

பேக்டரில நைட் ஷிப்ட் முடிச்சி ஏழரைக்கு வீட்டுக்கு வர்ற ஆளுகிட்ட பஞ்சாயத்த ஆரம்பிக்காதீங்க, பன்னண்டு மணி நேரம் நின்னுட்டு வந்த மனுஷனுக்கு தூக்கம்தான் மொதல்ல. அப்புறம் அஞ்சாம் பாரத்து எஸ்பிஎம் பரீட்ச ரிசல்ட் வந்தா பேமிலி வாட்ஸ்அப் குரூப்புல பக்கத்து வீட்டு பையனோட ஏ கணக்க போட்டு நம்ம புள்ளைய குத்துறது, அத பத்தி நான் தனியா சொல்லணுமா என்ன.

இன்னொண்ணு, ஒடம்பு விஷயம். அம்மா "தல சுத்துது, நெஞ்சு படபடங்குது"ன்னு சொன்னா சீன் போடறாங்கன்னு தள்ளாதீங்க, எல்லாமே டிப்ரெஷன்தான்னு நாமளே டாக்டராவும் ஆயிடாதீங்க. மனசுல உள்ள பாரம் ஒடம்பு வழியா வெளிய வர்றது உண்மதான், ஆனா அதே படபடப்பு பிரஷர்லயும் வரும், இனிப்பு நீர்லயும் (சக்கர வியாதி) வரும். மொதல்ல கிளினிக் கெசிஹாத்தான், அதான் அரசாங்க கிளினிக், போயி ரெண்டையும் பாத்துருங்க, தூக்கம் வரலங்கறதையும் அங்கயே சொல்லுங்க. கண்ணு பட்டுருச்சின்னு அம்மா சொன்னா சுத்திப் போடுங்க, தண்ணிமல முருகன் கோயிலுக்கு கூட்டிட்டு போங்க, அதுல என்ன கொறஞ்சிற போவுது, கிளினிக்க மட்டும் விட்றாதீங்க.

கடைசியா "அட்ஜஸ்ட் பண்ணி போம்மா". இவ்ளோ நேரம் நான் சொன்னதெல்லாம் சாதாரண சண்டைக்கு. கை ஓங்குற வீட்டுக்கு, சம்பள கார்ட புடுங்கி வச்சிக்கிற வீட்டுக்கு இது எதுவும் பொருந்தாது, அங்க ரொட்டி சானாய் மன்னிப்பு கெடையாது. குடும்ப வன்முறைக்கு நம்ம மலேசியாவுல 1994லருந்தே சட்டம் இருக்கு, ஒதவி கேக்க தாலியான் காசே நம்பர் 15999, ராத்திரிலயும் எடுப்பாங்க. செத்துறலாம்னு யாராவது சொன்னா, மனசு ஒதவிக்கு தாலியான் ஹீல் 15555. போலீஸ் கேஸாயிடும்னு முன்ன பயந்து மறைப்பாங்க, தற்கொல முயற்சிய குத்தமா வச்சிருந்த 309வது பிரிவ 2023லயே எடுத்துட்டாங்க. அந்த ரெண்டு நம்பரையும் நான் பிரிட்ஜ் கதவுல கேஸ் சிலிண்டர்காரர் நம்பருக்கு பக்கத்துல ஒட்டி வச்சிருக்கேன், வர்ற சொந்தக்காரங்க "இது எதுக்கு?"ன்னு ஒரு மாதிரியா கேட்டுட்டு, போகும்போது சிலபேரு போன்ல போட்டோ புடிச்சிட்டு போறாங்க.