நகர் நலச் சங்கங்கள் சறுக்கும் இடங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு முப்பது பேர் ஏரிக்கரையில் கூடினோம். கையுறை, தொப்பி, சங்கத்தின் பெயர் போட்ட பேனர், பெரிய டிரம்மில் இஞ்சி டீ. பதினொரு மணிக்குள் இரண்டு டிராக்டர் அளவுக்கு ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டோம். படம் எடுத்துக்கொண்டோம். வாரிப் போட்டதை யார் எடுத்துப்போவார்கள் என்று ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. ஐப்பசி மழையில் அதில் பாதி மறுபடி தண்ணீருக்குள் இறங்கியது. மீதி சரிந்து போய், ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கலை அடைத்துக்கொண்டது. நிறைந்த ஏரி வழிய இடமில்லாமல் இரண்டு தெருவுக்குள் வந்தது. அதில் ஒன்று செயலாளர் வீட்டுத் தெரு.

அங்கே ஒரு கலங்கல் இருக்கிறது என்பதே எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சென்னையின் தென்புறநகரில் நகர் நலச் சங்க வேலைகளில் பல வருடம் கூடவே திரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சங்கங்கள் ஆர்வம் இல்லாமல் தோற்பது குறைவு. நம் பகுதியில் என்னென்ன இருக்கிறது, அது யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் இறங்குவதால்தான் பெரும்பாலும் தோற்கின்றன. கீழே வரும் தவறுகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அதன் கிளைகள். பாதியை நாங்களே செய்திருக்கிறோம்.

தவறான கதவைத் தட்டுவது

தெருவிளக்கு எரியாவிட்டால் மின்வாரியத்துக்குப் போன் போடுகிறோம். தெருவிளக்கு உள்ளாட்சியின் பொறுப்பு. கம்பி அறுந்தாலோ மின்சாரம் போனாலோதான் மின்வாரியம்; அதற்கு 94987 94987 என்ற மின்னகம் எண் இருக்கிறது. தாம்பரத்தில் இருந்துகொண்டு 1913-ஐ அழைத்து, குப்பை எடுக்கவில்லை என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சென்னை மாநகராட்சியின் எண். தாம்பரம் தனி மாநகராட்சி. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவாக்கினார்கள். பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம் எல்லாம் அதற்குள் வந்தன. மேடவாக்கமும் முடிச்சூரும் அப்போது சேராமல் ஊராட்சிகளாகவே நின்றன. எல்லையோரத்தில் குடியிருப்பவர்கள் முதலில் சொத்து வரி ரசீதை எடுத்துப் பார்க்கட்டும். யாருக்கு வரி கட்டுகிறோமோ அவரிடம்தான் கேட்க முடியும்.

ஏரி விஷயம் இன்னும் சுவாரசியமானது. ஆயக்கட்டு, அதாவது ஏரியால் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறையின் ஏரி. அதற்குக் குறைவு என்றால் உள்ளாட்சியின் ஏரி. வயல் போய் மனையாகி நாற்பது வருடம் ஆனாலும் காகிதத்தில் இன்னும் அந்த ஆயக்கட்டுக் கணக்குதான் ஆள்கிறது. மாநகராட்சி ஆணையரிடம் எட்டு மாதம் மனு கொடுத்துவிட்டு, பிறகு "இது எங்கள் ஏரி இல்லையே" என்று கேட்டுத் திரும்பிய அனுபவம் எங்களுக்கு உண்டு. ஏரி சர்வே எண்ணை வைத்துக்கொண்டு தமிழக அரசின் இணையச் சேவையில் 'அ' பதிவேட்டைப் பார்த்தால் நிலம் என்ன வகை என்று ஐந்து நிமிடத்தில் தெரியும். எட்டு மாதமா, ஐந்து நிமிடமா?

சிட்லப்பாக்கம் ஏரியை இதற்கு எதிர்ப்பக்க உதாரணமாகச் சொல்லலாம். 2019 கோடை வறட்சியில் அப்பகுதி மக்கள் இறங்கித் தூர் எடுத்தார்கள். கையால் அள்ளி ஒரு ஏரியைச் சரிசெய்துவிட முடியாது. அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் ஆக்கிரமிப்பு, கழிவுநீர், குப்பைக் கிடங்கு என்று ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் விடாமல் எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். அரசு 25 கோடி ரூபாயில் சீரமைப்பை அறிவித்தது. மண்வெட்டியோடு கோப்பும் கூடப் போயிருக்கிறது.

மனு எழுதுவதிலும் ஒரு பழக்கம் இருக்கிறது: ஒரே தாளில் பன்னிரண்டு குறை. சாலை, கொசு, நாய், டாஸ்மாக், தண்ணீர் அழுத்தம். அந்தத் தாள் எந்த மேசைக்கும் போகாது, எல்லா மேசையும் "மற்றவர் பார்க்கட்டும்" என்று தள்ளும். ஒரு குறைக்கு ஒரு தாள், இடத்தைக் காட்ட ஒரு படம், கொடுத்ததற்கு முத்திரையோடு ரசீது. பதில் வராவிட்டால் 1100-ல் முதல்வரின் உதவி மையம். அதற்கும் அசையாவிட்டால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு. "ஏன் சாலை போடவில்லை?" என்று அதில் கேட்காதீர்கள், 'ஏன்' என்பதற்குப் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை. மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகல் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம்.

பூங்கா இடத்தில் பிள்ளையார்

நான் பார்த்த வரையில் அதிகப் பேர் மனமாரச் செய்யும் தவறு இதுதான். மனைப்பிரிவில் மூலையில் ஒரு காலி இடம். முள்ளும் புதரும். சங்கம் சுத்தம் செய்கிறது, நல்லது. பிறகு ஒரு சிறிய கோயில். பிறகு சங்கக் கட்டடம். பிறகு அதற்கு மாடி, கல்யாண வாடகை. பத்து வருடம் கழித்து ஒருவர் வந்து இது என் தாத்தா நிலம் என்று பத்திரம் நீட்டும்போது, எதிர்க்கச் சங்கத்திடம் ஒன்றும் இருக்காது. ஏனென்றால் சங்கமும் அந்த இடத்தை ஆக்கிரமித்த கட்சிதான்.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். அதாவது அது மனை விற்றவருடையதும் இல்லை, சங்கத்துடையதும் இல்லை. பல பழைய மனைப்பிரிவுகளில் வரைபடத்தில் 'பூங்கா' என்று பச்சை அடித்திருக்கும். தானப் பத்திரம் மட்டும் எழுதப்பட்டிருக்காது. சிக்கல் அங்கேதான் முளைக்கிறது. பத்திரத்தில் பெயர் மாறாததால் விற்றவர் அல்லது அவர் வாரிசு அதை மறுபடி மனையாகப் பிரித்து விற்பார்.

ஆகவே புதர் வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது: சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற வரைபடத்தின் நகலை வாங்குவது. அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது. தானப் பத்திரம் இருந்தால் நகல் எடுத்து வைப்பது, இல்லாவிட்டால் அதை முடிக்கச் சொல்லி உள்ளாட்சிக்கு எழுதுவது. சாலைக்கும் இதே கதைதான். மனைப்பிரிவுச் சாலைகளை உள்ளாட்சிக்கு ஒப்படைக்காமல் விட்டிருந்தால், "தனியார் சாலையில் நாங்கள் தார் போட முடியாது" என்ற பதில்தான் வரும்.

பெங்களூருவில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தபோது, அந்தப் பகுதிக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. பூங்கா பூங்காவாகவே இருக்கக் கேட்கும் உரிமை அங்கே குடியிருப்பவருக்கு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பிள்ளையாரை வைத்துவிட்டால் அந்த உரிமையைப் பேச நமக்கு வாய் இருக்காது. அவருக்கு அரச மரத்தடி போதும்.

புதுச் சாலை வந்த மகிழ்ச்சியில்

தார் லாரி வந்ததும் கவுன்சிலருக்குச் சால்வை போடுகிறோம். பழைய சாலையைச் சுரண்டி எடுத்தார்களா என்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு முறையும் மேலேயே போட்டால் சாலை உயரும், வீடு பள்ளமாகும். இருபது வருடம் முன்பு நான்கு படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டிய தெருக்கள் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் எத்தனையோ. மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், உயரம் கூடக் கூடாது என்று 2021 மே மாதத்தில் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். அதைச் சொல்லிக் கேட்கலாம். வேலை தொடங்கும் முன் கேட்க வேண்டும். ரோலர் உருண்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

மழைநீர் வடிகால் மேல் கார் ஏற்றச் சாய்தளம் கட்டுவது, வீட்டுக் கழிவுநீர்க் குழாயை ராத்திரியோடு ராத்திரியாக அதில் இணைப்பது — இவற்றைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை. பேசினால் நிர்வாகிகள் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகியதற்கு அடையாறு பெருகியது காரணம். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் கணுக்கால் அளவு நிற்கும் தண்ணீருக்கு அடையாற்றைக் குற்றம் சொல்ல முடியாது.

சங்கம் என்ற பெயரில் ஒரு வாட்ஸாப் குழு

குழுவில் 256 பேர், கூட்டத்துக்கு ஒன்பது பேர். குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லா ஊரிலும் இதே கணக்குதான். ஆனால் குழுவில் நடக்கும் சண்டையைத் தீர்மானம் என்று நினைத்துக்கொள்வது ஆபத்து. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். பதிந்ததோடு மறந்துவிடுகிறோம். ஆண்டுக் கணக்கு, நிர்வாகிகள் மாற்றம் எல்லாம் மாவட்டப் பதிவாளரிடம் போய்ச் சேர வேண்டும். ஐந்தாறு வருடம் தாக்கல் செய்யாத சங்கம், வழக்கு என்று வரும்போது முதலில் தன் உயிரையே நிரூபிக்க வேண்டியிருக்கும்.

பணம் பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போவது இன்றைக்குப் பெரிய நோய். அவர் நேர்மையானவராகவே இருப்பார். ஆனால் அவருக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போனால் சங்கப் பணம் எது, பென்ஷன் பணம் எது என்று அவர் மனைவி எப்படிப் பிரிப்பார்? இரண்டு பேர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு, மாதம் ஒருமுறை வரவு செலவு நோட்டீஸ் பலகையில். போதும்.

கண்காணிப்பு கேமரா இன்னொரு கதை. வசூலித்துப் பதினாறு கேமரா மாட்டுவோம், காவல் ஆய்வாளரை அழைத்துத் தொடங்கி வைப்போம். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்க மாட்டோம். பதிவுப் பெட்டி யார் வீட்டில் இருக்கிறதோ அவர் வீடு மாறிப் போவார். ஒரு வருடத்தில் சங்கிலி பறிப்பு நடக்கும்போது வேலை செய்வது இரண்டு. அதில் ஒன்று வேப்பிலையைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும். ஆறு கேமரா வாங்கி, மீதிப் பணத்தை மூன்று வருடப் பராமரிப்புக்கு வைப்பது மேல்.

சொந்தக் காசில் சாலையோரம் கால்வாய் கட்டுவது, வேகத்தடை போடுவது எல்லாம் அனுமதியில்லாமல் செய்தால் இடிபடும். கைக்காசு போடத் தயார் என்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது: மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும்.

மரமும் நாயும்

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தில் நடும் கன்றுகளில் முக்கால்வாசி ஜூலையைப் பார்ப்பதில்லை. சென்னைப் பக்கம் பெரிய மழை ஐப்பசியில்தான். புரட்டாசியில் நட்டால் வானமே பார்த்துக்கொள்ளும். மின்கம்பிக்கு அடியில் புங்கன் நட்டு, பிறகு மின்வாரியம் வெட்டுகிறது என்று அழ வேண்டாம். கன்றைச் சுற்றிய இரும்புக் கூண்டை மூன்றாம் வருடம் கழற்றுங்கள். இல்லாவிட்டால் மரம் கூண்டைத் தின்றுவிடும்.

தெருநாய்களைப் பிடித்து வேறு ஊரில் விடுவது சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு பக்கம். காலியான தெருவுக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் குடிவரும், அவற்றுக்கு நம்மைத் தெரியாது என்பது இன்னொரு பக்கம். கருத்தடையும் தடுப்பூசியும் போட உள்ளாட்சியை அழைப்பதே வழி.

யாரைக் கூப்பிடாமல் விட்டோம்

பெரும்பாலான நகர்களில் உறுப்பினர் என்றால் வீட்டுக்காரர். வாடகைக்கு இருப்பவர் சந்தா மட்டும் தரலாம், பேசக் கூடாது. அதே தெருவில் பாதி வீடு வாடகைதான். குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள், தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பவர்கள் அவர்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு ஒத்துழைப்பில்லை என்று புலம்புகிறோம்.

இன்னொரு கூட்டத்தையும் நாம் எண்ணுவதே இல்லை. நகருக்குப் பின்னால் ஒரு பழைய ஊர் இருக்கும். நாம் மனை வாங்குவதற்கு முன்னால் அங்கே பயிர் வைத்தவர்கள், மதகு திறந்தவர்கள். எங்கள் கலங்கல் விவகாரத்துக்குப் பிறகு, ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டோம். கரையோரம் அரை கிலோமீட்டர் நடந்தார். "இங்க ஒரு வாய்க்கா, அந்த டாக்டர் வீட்டுக்கு அடியில போவுது. அதோ அந்தக் கம்பிவேலி, அதான் பழைய மதகு" என்று காட்டிக்கொண்டே வந்தார். நில அளவைத் துறையின் புலப்படத்தில் பிறகு பார்த்தபோது கோடு அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது. "ஏன் ஐயா, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கேட்டதற்கு, "நீங்க கேக்கலையே சார்" என்றார்.

நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபை என்று ஒன்று 2022-லிருந்து நடக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 1-ல் பம்மலில் நடந்த முதல் கூட்டத்துக்கு முதல்வரே வந்தார். ஊராட்சி என்றால் கிராம சபை, ஆண்டுக்கு ஆறு முறை. வாடகைக்காரரும் ஊர்க்காரரும் நகர்க்காரரும் ஒரே பந்தலில் உட்காரக் கிடைக்கும் இடம் அது. போன முறை எங்கள் பகுதிக் கூட்டத்தில் வாய்க்கால் விஷயத்தை எழுப்பினோம். புலப்பட நகலோடு அந்தப் பெரியவரையும் முன்வரிசையில் உட்காரவைத்தோம். உதவிப் பொறியாளர் நகலைப் பார்க்கவில்லை, அவரைத்தான் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அடுத்த வாரம் அளக்க ஆள் வந்தது. டாக்டர் வீட்டுக்கு அடியில் போகிற வாய்க்காலை என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.