பழைய பெடல் கயாக் வாங்கும்போது நான் பார்ப்பவை

பெடல் கயாக் என்பது காலால் மிதித்து ஓட்டும் சிறு படகு. முதலில் அதைக் கவிழ்த்துப் போடச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். அடியில் மேலோட்டமான கீறல்கள் இருந்தால் பரவாயில்லை, கரையில் இழுத்த தடம்தான். பெடல் டிரைவ் (மிதித்தால் படகைத் தள்ளும் பொறி) இறங்கும் குழியின் ஓரத்தையும் தண்ணீர் வடியும் துளைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன கயாக்கில் சாதாரணப் பசை நிற்காது, பிளாஸ்டிக் வெல்டிங்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் டிரைவைக் கழற்றிக் கையால் இயக்குங்கள். புரொப்பெல்லர் வகையில் கரகரவென்று சத்தம் வந்தால் கியரோ பேரிங்கோ தேய்ந்திருக்கும். ஹோபி நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த மிராஜ் டிரைவ் போல, அடியில் உள்ள தகடுகளைச் சிறகுபோல அசைக்கும் வகை என்றால் செயினிலும் கேபிளிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பழைய மாடல்களில் பின்னோக்கி மிதிக்க முடியாது. மரக்கிளைகள் மூழ்கிக் கிடக்கும் இடத்தில் தூண்டில் போடுபவருக்கு அது பெரிய குறை.

என் முதல் கயாக்கைக் கரையில் மட்டும் பார்த்து வாங்கினேன். அரை மணி நேரத்தில் உள்ளே தண்ணீர் தளும்பியது, பயந்துவிட்டேன். இப்போதெல்லாம் இருபது நிமிடமாவது மிதித்துப் பார்த்து, மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டு ஈரம் பார்த்த பிறகுதான் விலை பேசுகிறேன். சுக்கான் கயிற்றையும் அப்போதே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிடலாம்.