மோட்டார் ரூமுக்கு மொபைல் ஸ்டார்ட்டர்: முதல்ல சிம்மைப் பாருங்க

காங்கேயம் சுத்துவட்டாரத்துல தோட்டந்தோட்டமாப் போய் மோட்டார் வேலை பாக்கறவன் நானுங்க. போன் போட்டே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவற மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டியை வாங்கிட்டு வந்து "மாட்டிக் குடு கண்ணு"ன்னு நிக்கறவங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது, "எந்த சிம்முங்க போடப் போறீங்க?" வேலை கெடறது பெரும்பாலும் பெட்டியால இல்லீங்க, சிம்மாலயும் சிக்னலாலயுந்தான்.

எங்க அய்யன் ராத்திரி மூணு பேஸ் வர்ற நேரம் பாத்து, டார்ச் லைட்டோட சாளையிலிருந்து வரப்பு மேல நடந்துபோய் மோட்டார் போட்டவரு. ஒருக்கா கட்டுவிரியன் செருப்பு மேலயே ஏறிப் போச்சு. இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனி ஷிப்டுல நின்னுட்டே தென்னைக்குத் தண்ணி விடறாங்க. இந்தியாவுல முதல் செல்போன் பேச்சு நடந்தது 1995 ஜூலை 31-ல. அப்ப நமக்கு வர்ற போனுக்கும் காசு. 2003-ல இன்கமிங் இலவசமாச்சு. அது ஆகலீன்னா, ஒரு நாளைக்கு நாலு தடவை போனை எடுக்கற இந்தப் பெட்டி எந்தச் சம்சாரிக்குக் கட்டுபடியாகும்?

பெட்டிக்குள்ள இருக்கறது ஒரு சின்ன போனுதான். அது 2ஜியா 4ஜியான்னு கேட்டு வாங்குங்க. ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, 2016-ல வந்தப்பவே 4ஜி மட்டும்தான். 2ஜி பெட்டியில அந்த சிம்மைப் போட்டா டவரே எடுக்காது. ஏர்டெல் 3ஜியை நிறுத்தினாலும் 2ஜியை விடல. இனிப் புதுசா வாங்கறவங்க கொஞ்சம் கூடக் குடுத்தாலும் 4ஜி பெட்டியே வாங்கிருங்க.

சிம்மை முதல்ல ஒரு பட்டன் போன்ல போட்டு, மோட்டார் ரூம் கதவைச் சாத்திட்டுப் பேசிப் பாருங்க. தகரக் கூரைன்னா சிக்னல் பாதியாயிரும். ஆன்டெனா வயரை வெளிய இழுத்து ஓட்டுக்கு மேல நிறுத்துங்க, இரும்புப் பெட்டிக்குள்ள சுருட்டி வைக்காதீங்க. சிம்முல பின் (PIN) நம்பர் லாக் இருந்தா எடுத்துருங்க.

வயரிங்கைத் தெரிஞ்ச எலக்ட்ரீசியன்கிட்ட விடுங்க. பச்சை பட்டனுக்கு இணையா ஆன் ரிலே, சிவப்பு பட்டன் லைன்ல வரிசையா ஆஃப் ரிலே, அவ்வளவுதான். ஆனா வேலை முடிஞ்சதும் ஒரு பேஸ் பியூஸைப் புடுங்கி, மோட்டார் நிக்குதான்னு கண்ணு முன்னால காட்டச் சொல்லுங்க. போர்ல தண்ணி வத்தினா நிக்கற டிரை ரன்னுக்கு, மோட்டார் தண்ணியோட ஓடறப்ப எத்தனை ஆம்ப்ஸ் எடுக்குதுன்னு அளந்துதான் செட் பண்ணோணும். மத்தியானமும் வெடியாலயும் ரெண்டு தடவை அளப்பேன், வோல்டேஜ் மாறும்.

எல்லாரும் கோட்டை விடறது ஆன் டிலேயில, அதாவது கரண்டு வந்து எவ்வளவு நேரம் கழிச்சு மோட்டார் ஓடோணுங்கற செட்டிங்குல. கரண்டு வந்ததும் ஒரே டிரான்ஸ்பார்மர்ல இருக்கற பத்து மோட்டாரும் ஒண்ணா எந்திரிச்சா வோல்டேஜ் விழுந்து எல்லாம் டிரிப் ஆகும். பக்கத்துத் தோட்டத்துக்காரங்ககிட்டப் பேசி, உங்களுக்கு ரெண்டு நிமிஷம், அவங்களுக்கு நாலுன்னு பிரிச்சு வைங்க. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியா இருந்தாலும் இதுக்காகப் பேசிருங்க.

இன்னொண்ணு, இதை மனசுல வைங்க. மோட்டார்ல கை வைக்கறதுக்கு முன்னால மெயினை இறக்கி, மூணு பியூஸ் கட்டையையும் கழட்டி மடியில கட்டிக்கோங்க. நீங்க ஜாயிண்ட் பிரிச்சுட்டு இருக்கறப்ப வீட்டுல இருந்து மகன் போன் போட்டா, பெட்டிக்கு ஆள் நிக்கறது தெரியாது.

மாசம் ஒருக்கா மூடியைக் கழட்டிப் பாருங்க. ஸ்டார்ட்டர் காண்டாக்டுக்கு நடுவுல பல்லி நசுங்கிக் கெடக்கும், எறும்பு புத்து கட்டியிருக்கும். வயர் நுழையற ஓட்டையை எம்-சீல் வெச்சு அடைச்சுருங்க.

ரீசார்ஜுக்கு டேட்டா வேண்டாம். 2024 டிசம்பர்ல டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) உத்தரவு போட்டதுக்கப்புறம், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்கற பேக் வந்திருக்கு, அதைக் கேளுங்க. சிம் நம்பரையும் பேக் முடியற தேதியையும் மோட்டார் ரூம் கதவுக்கு உள்பக்கம் பெயிண்டுல எழுதி வைங்க.