கழித்தலைத் தனிப் பாடமாக்காதீர்கள்

கூட்டலை முழுக்க முடித்துவிட்டு, சில வாரம் கழித்துக் கழித்தலை ஆரம்பிப்பதுதான் வீட்டில் கணக்குச் சொல்லித் தருபவர்கள் செய்யும் முதல் தவறு. 8, 5, 13 என்ற மூன்று எண்களுக்குள் நான்கு கணக்குகள் இருக்கின்றன: 8 + 5 = 13, 5 + 8 = 13, 13 − 5 = 8, 13 − 8 = 5. பதின்மூன்று புளியங்கொட்டைகளை இரண்டு குவியலாகப் பிரித்து வைத்து, நான்கையும் ஒரே நாளில் காட்டிவிடலாம்.

கூட்டலில் எண்களை இடம் மாற்றலாம். கழித்தலிலும் அப்படித்தான் என்று நினைக்கும் பிள்ளை, கடன் வாங்கும் கணக்கில் மாட்டிக்கொள்ளும். 52 − 27 என்று கொடுத்துப் பாருங்கள். 2இல் 7 போகாது; அதனால் 7இல் 2ஐக் கழித்து 5 என்று எழுதும். பத்தாம் இடத்தில் 5இல் 2 போக 3. விடை 35! சிவப்பு மையால் அடிக்க வேண்டாம். 35ஓடு 27ஐக் கூட்டச் சொல்லுங்கள். 62 வரும். நம்மிடம் இருந்ததே 52தான், இது எப்படி வந்தது என்று பிள்ளையே யோசிக்கும். அப்புறம் 52ஐ 4 பத்து, 12 ஒன்று என்று பிரித்துக் காட்டினால் 25 கிடைக்கும். 25 + 27 = 52. சரிபார்க்கிறேன் என்று அதே கழித்தலை மறுபடி போட்டால், அதே தவறுதான் மறுபடி வரும். கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

"அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி" என்று குறுக்குவழி சொல்லித் தருவதை நான் அறவே வேண்டாம் என்பேன். "கவினிடம் 27 கோலிக்குண்டுகள். அது மாலாவிடம் இருப்பதைவிட 9 அதிகம். மாலாவிடம் எத்தனை?" குறுக்குவழியில் போகிற பிள்ளை 36 என்று எழுதும். விடை 18. யாரிடம் அதிகம் என்று முதலில் கேட்டாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். 7 + ☐ = 12 என்பதும் இதே கதைதான். கூட்டல் குறியைப் பார்த்ததும் 19 என்று போடுவார்கள். உண்மையில் அது 12 − 7.

விரல்விட்டு எண்ணும்போது தொடங்கும் எண்ணையும் சேர்த்துக்கொள்வது இன்னொரு தவறு. 12 − 5க்கு 5, 6, 7 என்று 12 வரை எண்ணினால் விடை 8 என்று வந்துவிடும். 6இலிருந்து எண்ண வேண்டும்; அப்போதுதான் 7 வரும்.

சில்லறை கொடுக்கப் பிள்ளையைப் பழக்குங்கள். 63 ரூபாய்ச் சாமானுக்கு 100 ரூபாய் வாங்கினால், 2 வைத்து 65, 5 வைத்து 70, 30 வைத்து 100. கையில் இருக்கும் 37 ரூபாய்தான் 100 − 63.